சின்ன டிரெயிலரில் ஹீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் 13 முதல் 17 அடி டிரெயிலர்களை மனதில் வைத்து எழுதியது இது. 1968இல் வின்னிபெக்கில் தொடங்கிய போலர், அதே பாணியில் வந்த டிரில்லியம், மின்னசோட்டாவின் ஸ்காம்ப், டெக்சஸின் கசீட்டா போன்ற வண்டிகள். அக்டோபர் முதல் வாரம் இலைகளின் நிறம் பார்க்க ஒன்டாரியோவின் அல்கொன்குயின் பூங்கா பக்கம் போனால் பகலுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டுவிடும். சின்னப் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஹீட்டர் விஷயத்தை முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

13 அடி டிரெயிலருக்கு எவ்வளவு சூடு தேவை?

பலர் நினைப்பதைவிடக் குறைவுதான். உள்ளே படுக்கும் கூடு சுமார் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 32 சதுர மீட்டர் பரப்பு. சுவருக்குள் மெல்லிய இன்சுலேஷன், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவிடுக்கில் நுழையும் காற்று இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், வெளியே பூஜ்யமும் உள்ளே 20 டிகிரியும் இருக்கும்போது ஏறத்தாழ 1,500 வாட் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். சூட்டை அளக்கும் பி.டி.யு. என்ற பிரிட்டிஷ் அலகின் கணக்கில் மணிக்கு 5,000 சொச்சம். ஹீட்டர் பெட்டிகளில் பி.டி.யு.தான் போட்டிருக்கும் என்பதால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1 வாட் என்பது மணிக்கு 3.4 பி.டி.யு.

வெளியே மைனஸ் 10 என்றால் தேவை ஒன்றரை மடங்காகும். காற்று பலமாக அடித்தால் இன்னும் கூடும். அப்படிப் பார்த்தாலும் 12,000 பி.டி.யு. ஃபர்னஸ் (வண்டியிலேயே பொருத்தியிருக்கும் காஸ் ஹீட்டர்) தாராளமாகப் போதும். 30,000 பி.டி.யு. ஃபர்னஸை இந்த அளவு வண்டியில் பொருத்தினால் இரண்டு நிமிடத்தில் உள்ளே வெந்துபோய் அணையும், ஐந்து நிமிடத்தில் மறுபடி எரியும், ராத்திரி முழுக்க இதே கூத்துதான்.

இத்தனை வகை ஹீட்டர் இருக்கிறதே, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

விலையையும் பி.டி.யு.வையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: இதன் தீ எங்கிருந்து மூச்சு வாங்குகிறது, எங்கே விடுகிறது?

ஃபர்னஸ், டீசல் ஹீட்டர், ட்ருமா நிறுவனத்தின் ஹீட்டர் போன்றவற்றில் தீ ஒரு மூடிய உலோக அறைக்குள் எரிகிறது. அதற்கான காற்று வெளியிலிருந்து வருகிறது, புகையும் வெளியே போய்விடுகிறது. நீங்கள் சுவாசிக்கும் காற்று அந்த உலோகத்தின் மறுபக்கத்தைத் தொட்டுச் சூடேறி வருகிறது, அவ்வளவுதான். கையில் தூக்கிப்போகும் காஸ் ஹீட்டரான பட்டி, ஜுவாலை தெரியாமல் காஸை எரிக்கும் கேட்டலிடிக் ஹீட்டர் போன்றவற்றில் தீ உங்களோடு அதே அறையில் இருக்கிறது. நீங்கள் மூச்சுவிடும் அதே காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, எரிந்து முடிந்ததை அங்கேயே விடுகிறது. மூன்றாவது, தீயே இல்லாத மின்சார ஹீட்டர்.

என் கருத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க முடியாத விதி ஒன்று உண்டு. எல்லோரும் தூங்கும் நேரத்தில் எரிவது முதல் வகையாகவோ மூன்றாவது வகையாகவோ மட்டும்தான் இருக்க வேண்டும். இரண்டாவது வகை, விழித்திருக்கும்போது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பயன்படுத்த வேண்டியது. கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

வண்டியோடு வரும் ஃபர்னஸ் உள்ளே என்ன செய்கிறது?

ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டுப் பாருங்கள். பிறகு எது கெட்டாலும் நீங்களே பாதி கண்டுபிடித்துவிடுவீர்கள். தெர்மோஸ்டாட்டைத் திருப்பியதும் முதலில் ஃபேன் மட்டும் ஓடும். தீ எரியும் உலோக அறையில் தேங்கிய காஸ் ஏதாவது இருந்தால் அதை வெளியே தள்ளுவதற்காக 15, 20 விநாடி அப்படி ஓடுகிறது. ஃபேனின் காற்றுப் பாதையில் மெல்லிய தகடு போல ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், செயில் ஸ்விட்ச் என்பார்கள். காற்று போதுமான வேகத்தில் வந்து அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் அடுத்த கட்டம். பிறகு காஸ் வால்வு ‘டக்’ என்று திறக்கும், ஸ்பார்க் ‘டிக் டிக்’ என்று அடிக்கும், தீ பிடித்ததும் ஒரு மெல்லிய உறுமல் கேட்கும். அரை நிமிடத்தில் காற்று சூடாகிவிடும். தெர்மோஸ்டாட் போதும் என்று சொன்ன பிறகும் உலோகத்தில் மிச்சமிருக்கும் சூட்டை இறக்குவதற்காக ஃபேன் சற்று நேரம் ஓடி நிற்கும்.

தீ பிடிக்கவில்லை என்றால் சில தடவை முயன்றுவிட்டுத் தானே பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அணைத்து மறுபடி போட்டால்தான் திரும்ப முயலும்.

ராத்திரி மூன்று மணிக்கு ஃபேன் ஓடுகிறது, காற்று ஜில்லென்று வருகிறது. காஸ் தீர்ந்துவிட்டதா?

காஸாகவும் இருக்கலாம். அதற்கு முன்னால் பாட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினால் ஃபேன் சுற்றும், ஆனால் மெதுவாகச் சுற்றும். செயில் ஸ்விட்ச் தகட்டைத் தள்ளும் அளவுக்குக் காற்று வராது, அதனால் காஸ் வால்வே திறக்காது. ஃபேனோ மிச்சமிருக்கும் கரண்டையும் குடித்துக்கொண்டிருக்கும். விடிவதற்குள் பாட்டரி சுத்தமாகப் போய்விடும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: தெர்மோஸ்டாட்டை அணையுங்கள், வண்டி காரோடு கட்டியிருந்தால் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற விடுங்கள், பிறகு போட்டுப் பாருங்கள். பாட்டரி நன்றாக இருக்கிறது, ஸ்பார்க் சத்தமும் கேட்கிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை என்றால் அப்போது காஸைச் சந்தேகிக்கலாம். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்பார்க் சத்தமே கேட்கவில்லை, பாட்டரியும் சரி என்றால் செயில் ஸ்விட்சில் தூசியோ நாய் முடியோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு சிலிண்டர், ஒரு பாட்டரி: எத்தனை ராத்திரி தாங்கும்?

பார்பிக்யூவுக்குப் பயன்படுத்தும் அதே 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. இருக்கிறது. பூஜ்யம் டிகிரி ராத்திரியில் வண்டிக்கு மணிக்கு 5,000 வேண்டும் என்று பார்த்தோம். ஃபர்னஸ் எரிக்கும் காஸில் நான்கில் ஒரு பங்குச் சூடு புகையோடு வெளியே போய்விடும், ஆகவே மணிக்கு 6,500 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 66 மணி நேரம். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை போட்டால் ஐந்து ராத்திரி. பகலிலும் போட்டுச் சமையலும் அதிலேயே என்றால் மூன்று நாள் என்று கணக்கு வையுங்கள்.

பல வண்டிகளில் காஸுக்கு முன்னால் பாட்டரிதான் தீரும். சின்ன ஃபர்னஸின் ஃபேன் ஓடும்போது சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். 12,000 பி.டி.யு. ஃபர்னஸ் பூஜ்யம் டிகிரியில் பாதி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். 12 மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-அவர் போய்விடும். குரூப் 24 அளவு லெட் ஆசிட் பாட்டரி 80 ஆம்பியர்-அவர் என்று போட்டிருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். போதாக்குறைக்குக் குளிரில் அதன் கொள்ளளவும் சுருங்கும். விளக்கும் தண்ணீர்ப் பம்பும் சேர்ந்தால் ஒன்றரை ராத்திரிதான் நம்பலாம். கரண்ட் இல்லாத கேம்ப்சைட்டில் மூன்று நாள் தங்க நினைப்பவர்கள் இரண்டாவது பாட்டரியோ சோலார் பலகையோ வைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் பாட்டரி என்றால் 100க்கு 100ஐயும் ஏறக்குறைய எடுக்கலாம், ஆனால் அது உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. அதனால் அதை வண்டிக்குள்ளேயே வைப்பது நல்லது.

பட்டி ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது, கரண்டும் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு தூங்கலாமா?

தூங்க வேண்டாம். மிஸ்டர் ஹீட்டர் நிறுவனத்தின் பட்டி 4,000 முதல் 9,000 பி.டி.யு. தரும். இந்த வண்டிக்குச் சூடு போதுமானதுதான். ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சாரும் இருக்கிறது. அந்தச் சென்சாரை நம்பித்தான் பலர் தூங்குகிறார்கள். அது பார்ப்பது ஆக்சிஜன் அளவை, கார்பன் மோனாக்சைடை அல்ல. அழுக்கேறிய பர்னர், சரியாகக் கலக்காத காற்று, மேலே சரிந்து விழும் போர்வை இவற்றிலிருந்து உங்களைக் காப்பாற்றும் வேலையை அது ஏற்கவில்லை. 7,000 அடிக்கு மேலே காற்று மெல்லியதாகிவிடுவதால் காரணமே இல்லாமல் அணைந்துபோவதும் உண்டு.

கேட்டலிடிக் ஹீட்டரின் கதை சற்று வேறு. ஒலிம்பியன் வேவ் 3 என்ற மாடல் 1,600 முதல் 3,000 பி.டி.யு. வரை தரும். ஜுவாலை தெரியாது, சத்தமே இல்லை, ஒரு துளிக் கரண்டும் வேண்டாம். மாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க இதைவிட இதமான ஹீட்டர் இல்லை என்பேன். கார்பன் மோனாக்சைடும் மிகக் குறைவு. ஆனாலும் அறை ஆக்சிஜனைத்தான் தின்கிறது. தரைப்பக்கம் ஓர் இடத்திலும் கூரைப்பக்கம் ஓர் இடத்திலும், தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு, ஜன்னலோ வென்ட்டோ திறந்திருக்க வேண்டும். பயன்படுத்தாத நாட்களில் உறை போட்டு மூடிவையுங்கள். தூசி படிந்தால் அந்தப் பஞ்சு போன்ற பரப்பு கெட்டுப்போகும்.

காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீராக வழிகிறது, மெத்தையின் அடியும் ஈரம். எங்கிருந்து வருகிறது?

புரொப்பேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடோடு தண்ணீரும் உண்டாகும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர். எரியும் காஸின் எடையைவிட அதிகம், ஏனென்றால் காற்றிலிருந்து ஆக்சிஜனும் சேர்கிறது. பட்டி ஹீட்டரைக் குறைந்த அளவில் எட்டு மணி நேரம் வைத்தால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உங்கள் அறைக்குள் இறங்குகிறது. இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து இன்னொரு அரை லிட்டர். இவ்வளவு சின்ன இடத்தில் அது போய் ஒட்ட இருப்பது ஜன்னல் கண்ணாடி, அலமாரியின் பின்பக்கம், மெத்தைக்குக் கீழே இருக்கும் குளிர்ந்த பலகை ஆகியவைதான். இரண்டு ராத்திரி கழித்து மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்: உடம்பு படுத்த இடத்துக்கு நேர் கீழே பலகை கறுத்து ஈரமாக இருக்கும், விளிம்பில் பூஞ்சணப் புள்ளிகள் தொடங்கியிருக்கும்.

ஃபர்னஸிலும் அதே தண்ணீர் உண்டாகிறது, ஆனால் அது புகையோடு வெளியே போய்விடுகிறது. ஆகவே ஃபர்னஸ் போட்டால் உங்கள் மூச்சின் ஈரம் மட்டும்தான் மிச்சம். அதற்குக் கூரை வென்ட்டை இரண்டு விரல் அளவு திறந்துவைத்தால் போதும். குளிருக்குப் பயந்து அதையும் அடைப்பவர்கள்தான் காலையில் துணி வைத்துத் துடைக்கிறார்கள். மெத்தைக்கடியில் காற்றோடும்படி ஒரு இடைவெளி விரிப்பு போடுங்கள், காலையில் அதைத் தூக்கி நிறுத்திவையுங்கள்.

கரண்ட் உள்ள கேம்ப்சைட்டில் வீட்டு ஹீட்டரைக் கொண்டுபோய்ச் செருகலாமா?

செருகலாம். உள்ளதிலேயே சுலபமான வழி அதுதான். கட்டணத்தில் கரண்டும் சேர்ந்திருந்தால் காஸும் மிச்சம். அல்கொன்குயினில் மியூ லேக் கேம்ப்கிரவுண்ட் குளிர்காலத்திலும் திறந்திருக்கிறது, அங்கே கரண்ட் உள்ள இடங்களும் உண்டு.

கவனிக்க வேண்டியது வயர். 1,500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. டிரெயிலருக்குள் இருக்கும் பிளக் பாயிண்டுகள் வீட்டில் இருப்பவற்றைப்போல உறுதியாகப் பொருத்தப்பட்டவை அல்ல. ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் உடனே நிறுத்துங்கள். 750 வாட் அளவில் நாள் முழுக்க ஓடவிடுவது 1,500 வாட்டில் விட்டுவிட்டு ஓடவிடுவதைவிடப் பாதுகாப்பு. வெளியிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுப்பதானால் 12 கேஜ் தடிமன் வேண்டும். புல் வெட்டும் மிஷினுக்கு வைத்திருக்கும் மெல்லிய ஆரஞ்சு வயர் இதற்கு உதவாது. ஹீட்டர் போட்டிருக்கும்போது அதே சர்க்யூட்டில் மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும்.

எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை சத்தமில்லாதது, சுடும் கம்பியும் வெளியே தெரியாது. இடம் இருந்தால் அதை வாங்குங்கள். கவிழ்ந்தால் அணையும் வசதி எதில் இல்லையோ அதைத் தொடவே வேண்டாம்.

படுக்கைக்கு ஒரு மின்சாரப் போர்வையையும் சொல்ல வேண்டும். சுமார் 100 வாட்தான். உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டால் அறை 12 டிகிரியில் இருந்தாலும் நல்ல தூக்கம் வரும்.

கூரை ஏ.சி.யில் ‘ஹீட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே?

அது ஹீட் ஸ்ட்ரிப் என்றால் உள்ளே ஒரு மின்கம்பிச் சுருள், அவ்வளவுதான். வீட்டு ஹீட்டருக்குச் சற்று மேலே சூடு தரும், சத்தம் அதிகம், சூடான காற்று மேலேயே தங்கிவிடும். வெளிக்காற்றின் சூட்டை இழுத்து உள்ளே விடும் ஹீட் பம்ப் என்றால் அதே கரண்டில் கூடுதல் சூடு கிடைக்கும், ஆனால் வெளியே 4, 5 டிகிரிக்குக் கீழே போனால் கைவிட்டுவிடும். உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான்.

டீசல் ஹீட்டர் எல்லோரும் போடுகிறார்கள். நல்லதா?

நல்ல தொழில்நுட்பம். வெபாஸ்டோ ஏர் டாப் 2000 போன்றது 0.9 முதல் 2 கிலோவாட் வரை தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொண்டு எரியும். மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர் டீசல். ஆரம்பிக்கும்போது சில நிமிடம் அதிகக் கரண்ட் கேட்கும், பிறகு 2 ஆம்பியர் அளவில்தான். விட்டுவிட்டு எரியாமல் ஒரே சீராக எரிவதால் சத்தமும் குறைவு. பம்ப் மட்டும் ‘டக் டக்’ என்று தட்டிக்கொண்டிருக்கும்.

மலிவு விலையில் 5 கிலோவாட், 8 கிலோவாட் என்று போட்டு வரும் சீனத் தயாரிப்புகளை நிறையப் பேர் வாங்குகிறார்கள். தாராளமாக ஓடுகிறவையும் உண்டு. இந்த வண்டிக்கு 2 கிலோவாட்டுக்கு மேல் எதற்கு? பெரிய ஹீட்டரை எப்போதும் மிகக் குறைந்த அளவிலேயே எரியவிட்டால் உள்ளே கரி படிந்து அடைத்துக்கொள்ளும். தன் கையாலேயே பொருத்துகிறவர்கள் புகைக்குழாயில்தான் கவனம் வைக்க வேண்டும். தரைக்குக் கீழே போகும் இணைப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும், குழாயின் வாய் ஜன்னலுக்கும் கதவுக்கும் எட்டாத பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எரியும்போது பாட்டரி வயரைப் பிடுங்கி அணைக்கக் கூடாது. தானே குளிர்ந்து நிற்க விடுங்கள்.

ட்ருமா, ஆல்டே என்கிறார்களே?

ட்ருமா ஜெர்மன் நிறுவனம், ஆல்டே சுவீடன். ட்ருமா காம்பி அறையையும் குளிக்கும் நீரையும் ஒரே பெட்டியில் சூடாக்கும். ஆல்டே சுவரோரமாகச் சூடான திரவத்தைக் குழாயில் ஓடவிடும், வீட்டு ரேடியேட்டரின் சுகம். இரண்டும் அருமையானவை, விலையும் அதிகம். புது வண்டியோடு வந்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள். பழைய 13 அடி வண்டியில் தனியாகப் பொருத்துவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காஸ் ஸ்டவ்வை ஏற்றிவைத்துக் கொஞ்ச நேரம் குளிர் காயலாமா?

கூடாது.

அலாரத்தை எங்கே வைக்க வேண்டும்?

இரண்டு அலாரம், இரண்டு இடம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே காஸ் அலாரம் தரையை ஒட்டி. கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்துவிடும், அதற்கு வாசனையும் கிடையாது. அதன் அலாரம் தலைமாட்டுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் திருப்பித் தேதியைப் பாருங்கள். பட்டனை அழுத்தினால் கத்துகிறது என்பதால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. குடும்பத்தில் ஒருவருக்குமேல் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் அலாரம் அடிக்காவிட்டாலும் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கூட்டிப்போங்கள், பிறகு காரணம் தேடலாம். பக்கத்து இடத்தில் ஓடும் ஜெனரேட்டரின் புகையும் உங்கள் ஜன்னல் வழியாக வரலாம்.

மின்சார ஹீட்டரே போதும்போல் இருக்கிறது. ஃபர்னஸை மறந்துவிடலாமா?

உறைபனி ராத்திரியில் மறக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டியும் குழாயும் பெஞ்சுக்கு அடியில் ஓடுகின்றன. பல வண்டிகளில் ஃபர்னஸும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதன் சூடு அவற்றையும் காப்பாற்றும். நடுவில் வைத்த மின்சார ஹீட்டர் உங்களைச் சூடாக வைக்கும், தெர்மோஸ்டாட்டும் போதும் என்று ஃபர்னஸை எரியவிடாது, பெஞ்சுக்குள் குழாய் உறைந்து வெடிக்கும். மைனஸில் போகும் ராத்திரிகளில் மின்சார ஹீட்டரைக் குறைத்து ஃபர்னஸும் இடையிடையே எரியும்படி வையுங்கள், பெஞ்சு அறைக் கதவைத் திறந்துவிடுங்கள்.

பழைய டிரெயிலர் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். ஹீட்டரில் எதைச் சோதிப்பது?

முதலில் ஃபர்னஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய 13 அடி வண்டிகள் பலவற்றில் இருக்காது. இருந்தால், பாட்டரியும் சிலிண்டரும் மாட்டி உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘போன வருஷம் நன்றாகத்தான் ஓடியது’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். குறைந்தது 20 நிமிடம் ஓடட்டும், உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தை வைத்துவிட்டு நில்லுங்கள். கையில் கொண்டுபோக வேண்டிய ஒரே கருவி அதுதான். வெளியே புகைவாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் எரிதல் சரியில்லை. உள்ளே அலாரம் அடித்தால் சூடு மாற்றும் உலோக அறையில் விரிசல் இருக்கலாம். அதை ஒட்டவைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். விலையைப் பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

புகைவாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடையில் சும்மா நிற்கும் வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், சிலந்தி வலை பின்னியிருக்கும். ஃபர்னஸ் ஓடும்போது அந்த வாய் கையைச் சுட்டுவிடும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். காஸ் குழாயின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் அடித்திருக்கும் மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். கனடாவில் 10 வருடம் தாண்டிய சிலிண்டரை மறுசோதனை செய்யாமல் நிரப்பித் தரமாட்டார்கள்.